"ஏன் எங்களிடம் படிக்க விரும்புகிறீர்கள்?": கண்டாவளையிலிருந்து போன ஒரு விண்ணப்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

விண்ணப்பதாரி கிளிநொச்சி மாவட்டம் கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த மாணவி. தந்தைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல். தாய் வீட்டிலிருந்தே தைக்கிறார். 2023 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில்தான் நடந்தது. அதில் உயிரியல் பிரிவில் தோற்றி ஒரு பி, இரண்டு சீ எடுத்திருந்தார். உள்நாட்டு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, இந்தியாவில் உதவித்தொகை தரும் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க விண்ணப்பித்தார். "ஏன் எங்களிடம் படிக்க விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு அங்கே எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும். பாடசாலையின் ஆங்கில ஆசிரியையும் தொழில் வழிகாட்டல் ஆலோசகர் ஒருவரும் உதவினர். ஊர், பாடசாலை, பல்கலைக்கழகங்களின் பெயர்கள் இங்கே விடப்பட்டுள்ளன.

இலங்கை அரச பல்கலைக்கழக அனுமதியில் இந்த 'ஏன்' என்ற கேள்வி கிடையாது. இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணித்த புள்ளி), மாவட்டம், தெரிவுகளை நிரற்படுத்திய ஒழுங்கு ஆகியவை போதும். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு சனத்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கிளிநொச்சி அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே விவசாயத்தை மூன்றாவதாகப் போட்டதற்குக் காரணம் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு வரி இடம்கூட இல்லை. பதின்மூன்று வருடம் படித்த பிள்ளையிடம் "உனக்கு ஏன் இது வேண்டும்" என்று எவரும் கேட்டதில்லை. முதல் வரைவில் கண்ட குறைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வந்தவைதான். மாணவியின் ஆங்கிலத்தைக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டிலும் அதே நிலைதான். "கம்பஸ் கிடைச்சாக் காணும் பிள்ளை, உதெல்லாம் எழுதி என்ன வரப்போகுது?" என்று தந்தை கேட்டிருக்கிறார்.

முதல் வரைவில் காணப்பட்டவை

கேள்விக்கு 400 சொற்கள் எல்லை. மாணவி கொண்டுவந்த வரைவில் 397 சொற்கள். ஏற்கெனவே வெளிநாடு போன ஒருவரின் கட்டுரையைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் கொடுத்து, தன் விவரங்களைப் போட்டு எழுதுவித்திருந்தார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சிறுவயது முதலே சுற்றாடலில் ஆர்வம் என்று தொடங்கி, உங்கள் பல்கலைக்கழகம் உலகத்தரம் வாய்ந்தது, பல்லின மாணவர்கள் படிக்கும் இடம், அனுபவம் மிக்க விரிவுரையாளர்கள் என்று போய், படித்து முடித்து என் மக்களுக்குச் சேவை செய்வேன் என்று முடிந்தது. நடுவில் 110 சொற்கள் போர் முடிந்த 2009 பற்றியும், இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் பற்றியும் இருந்தன.

இதை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். முதலாவது, பல்கலைக்கழகத்தின் பெயரை வெட்டிவிட்டு, விண்ணப்பிக்கவிருந்த மற்றப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பது. பெயர் ஐந்து இடத்தில் வந்தது. ஐந்திலும் மாற்றிய பின்னரும் ஒரு வசனமாவது பொய்யாகவில்லை. இரண்டாவது, 'நான்' என்ற இடத்தில் அதே வகுப்பின் இன்னொரு உயிரியல் மாணவியை வைத்துப் பார்ப்பது. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு முகாம் பந்தியும் பொருந்தியது.

தெரிவுக்குழு இந்தப் பதிலில் தேடுவது இரண்டு. இடம் கொடுத்தால் இந்தப் பிள்ளை வந்து சேருமா? வந்தால் இங்கே இருப்பதைப் பயன்படுத்துமா? பெறுபேறு, ஆசிரியர் கடிதம், குடும்ப வருமானம் எல்லாம் வேறு பக்கங்களில் ஏற்கெனவே கிடக்கின்றன. பல்கலைக்கழகத்தைப் புகழ்வது இந்த இரண்டில் ஒன்றுக்கும் பதிலாகாது. தங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

உரையாடலில் கிடைத்தது

வரைவைத் திருத்தத் தொடங்காமல் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவதென்று முடிவு செய்யப்பட்டது. "உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். கேட்கப்பட்டவை இவை: வீட்டில் கடைசியாக எதைப் பற்றி வாக்குவாதம் வந்தது? பரீட்சைக்குத் தேவையில்லாத எதை நீங்களாகத் தேடி வாசித்தீர்கள்? இந்தக் கற்கைநெறி கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? ஊரில் எல்லோரும் சரியென்று சொல்லும் எந்த விசயம் உங்களுக்குச் சரியாகப் படவில்லை?

முதற் கேள்வியே போதுமாக இருந்தது. வாக்குவாதம் சிறுபோகப் பங்கு, அதாவது கோடைகால நெற்செய்கைக்குக் கிடைக்கும் தண்ணீர்ப் பங்கு பற்றியது.

இரணைமடுவில் மாரிகாலத்துக் காலபோகத்துக்கு மழையும் சேர்ந்து வரும். பெரும்பாலும் முழு வயலும் விதைபடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீரை மட்டும் நம்பவேண்டும். அதனால் போகத்துக்கு முன் மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். தந்தை ஒரு சி.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் கொப்பி) மீள்குடியேறிய காலம் தொட்டு, விதைத்த திகதி, கூட்டத்தில் அடிக்கணக்கில் சொன்ன குளத்தின் நீர்மட்டம், தனக்குக் கிடைத்த பங்கு ஆகியவற்றை எழுதி வந்திருக்கிறார். நீல மையும் பென்சிலும் மாறி மாறி, சில பக்கங்களில் உரக்கடைக் கணக்கோடு கலந்து கிடக்கும் குறிப்புகள். அதில் இரண்டு வருடங்களுக்கு மட்டம் ஒரே அடியாகவே இருக்கிறது. ஒரு வருடம் ஒன்றரை ஏக்கர் பங்கு, மற்ற வருடம் முக்கால் ஏக்கர். மாணவி ஏன் என்று கேட்க, "கூட்டத்திலை அப்பிடித்தான் முடிவெடுத்தது" என்பதற்கு மேல் தந்தையிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு வாய்க்கால் துப்புரவு, குடிநீர்த் தேவை, மழை எதிர்பார்ப்பு என்று காரணங்களை மாணவி தானாகவே பக்கத்து வயற்காரரிடமும் கமக்காரர் அமைப்புச் செயலாளரிடமும் விசாரித்துக் கொப்பியின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

முதல் வரைவில் இதில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டபோது, "அது வயல் விசயம் தானே ரீச்சர், அதை எப்படிக் கம்பசுக்கு எழுதுறது?" என்றார்.

எதை விட்டது, ஏன்

2009 பற்றிய பந்திதான் கடினமான முடிவு. வன்னியிலிருந்து போகிற விண்ணப்பத்தில் அது இருக்கத்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதச் சொல்லிப் பிள்ளைகளை நெருக்குகிறவர்களும் உண்டு. அப்போது இந்த மாணவிக்கு நாலரை வயது. பந்தியில் இருந்தவை பெரும்பாலும் மற்றவர்கள் சொல்லக் கேட்டவை. தாயிடம் கேட்கப்பட்டது. "அதை வித்து இடம் எடுக்கவேண்டாம் பிள்ளை" என்றார். அதோடு அந்தப் பந்தி கேள்விக்குப் பதிலாகவும் இல்லை. அதை வைத்து இந்தப் பல்கலைக்கழகம் ஏன் என்று சொல்ல முடியவில்லை. "மீள்குடியேறிய வருடத்திலிருந்து" என்ற தொடர் மட்டும் கொப்பியின் தொடக்கத்தைச் சொல்ல நின்றது. இதை எல்லோருக்கும் விதியாகக் கொள்ளவேண்டாம். செயற்கை அவயவம் செய்யப் படிக்கப் போகிறவருக்கோ காணி உறுதிப் பிணக்கால் சட்டம் படிக்கப் போகிறவருக்கோ கேள்வியே அந்தக் காலத்திலிருந்துதான் பிறக்கும். அவர்கள் எழுதத்தான் வேண்டும்.

2018 டிசம்பர் வெள்ளம் பற்றிய பகுதி திருத்தத்தோடு நின்றது. அந்த மாதம் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட, கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மாணவியின் இரண்டாவது வரைவு இன்னார்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. நானூறு சொல்லுக்குள் அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. வாசிப்பவர் உடனே கேட்பதும் அதைத்தான். ஆகவே தீர்ப்பை எடுத்துவிட்டு, வான்கதவிலிருந்து வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வர எடுக்கும் நேரத்தை முன்கூட்டிக் கணக்கிடலாமா என்ற கேள்வியை வைத்தார்கள். பழியை விடக் கேள்விதான் அவரை ஒரு பாடத்தின் வாசலுக்குக் கொண்டுபோனது.

"திரும்பி வந்து சேவை செய்வேன்" என்ற வரியும் போனது. திரும்புவாரா என்று மாணவிக்கே அப்போது நிச்சயமில்லை. அதற்குப் பதிலாக, விடுமுறையில் வரும்போது இன்னும் சில வாய்க்கால்களில் இப்படிக் கொப்பி வைத்திருப்பவர்களைத் தேடிப் பதிவுகளைச் சேர்ப்பதாக எழுதினார். அது அவரால் முடிகிற வேலை.

பல்கலைக்கழகத்தைப் படித்த விதம்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். முகப்புப் பக்கத்தை வாசிப்பதில் பயனில்லை. மாணவர் கைநூலையும் பாடவிதானத்தையும் கோப்பாக இறக்கி, முதலாம் வருடப் பொதுப்பாடங்கள், இரண்டாம் வருடக் கட்டாயப் பாடங்கள், மூன்றாம் வருடத் தெரிவுப் பாடங்கள், களப்பயிற்சி என்று பிரித்து வாசித்தார்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கொப்பி பதில் சொல்லாதவை, வலப்பக்கம் அதைக் கற்பிக்கும் பாடம்.

இடப்பக்கத்தின் முதல் வரி: நீர்மட்டம் எத்தனை அடி என்று தெரிந்தால் தண்ணீரின் கனவளவு தெரியுமா? தெரியாது. குளம் மேலே போகப் போக அகன்றது. ஆகவே அலைகரைக்குக் கிட்ட நிற்கிற ஓர் அடியில் இருக்கும் தண்ணீர், அடிப்பக்கத்து ஓர் அடியில் இருப்பதைவிடப் பல மடங்கு. மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைவது நீரியலில் வரும். அது இரண்டாம் வருடப் பாடம். இரண்டாவது வரி, வெள்ளம் எங்கே பரவும், எவ்வளவு நேரத்தில்: புவியியல் தகவல் முறைமை. மூன்றாவது வரி, பங்கை யார் எப்படித் தீர்மானிக்கிறார்கள்: மூன்றாம் வருடத்தில் பொதுவள ஆட்சி என்ற தெரிவுப் பாடம். நீர்ப்பாசனத்தை விஞ்ஞானமாகவும் ஆட்சியாகவும் ஒரே பட்டத்துக்குள் சேர்த்துப் படிக்க முடிவது விண்ணப்பித்த இரண்டில் இந்த ஒன்றில் மட்டும்தான். பதிலின் அச்சாணி இந்த வசனம். பெயரை மாற்றினால் இது பொய்யாகிவிடும்.

இரண்டு தவறுகள் இடையில் பிடிபட்டன. ஒரு வரைவில் நீர்த்தர ஆய்வுகூடத்தில் வேலை செய்ய விரும்புவதாக எழுதியிருந்தார். அனுமதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டதில், அது பட்டமேற்படிப்பு மாணவருக்கு மட்டும் என்று தெரிந்தது. அதை எடுத்து மூன்றாம் வருடக் களப்பயிற்சியைப் போட்டார். விண்ணப்பங்களில் இந்தத் தவறு அடிக்கடி வரும். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது முதுமாணி மட்டத்துப் பாடங்களும் ஆய்வுகூடங்களும்தான். மற்றது, ஒரு பேராசிரியரின் கீழ் படிக்கவே வருவதாக எழுதியது. அவர் அந்த வருடம் விடுப்பில் இருந்தார். ஓர் ஆளின் மேல் மட்டும் பதிலைத் தொங்கவிடக்கூடாது. பாடத்தைச் சொன்னால் யார் கற்பித்தாலும் பதில் நிற்கும்.

பொதுவள ஆட்சிப் பாடத்தின் விவரத்தில் எலினோர் ஒஸ்ட்ரொமின் பெயர் இருந்தது. நேபாளத்து விவசாயிகள் தாமே நடத்தும் பாசனங்களையும் ஆராய்ந்தவர், 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பெயரைப் பதிலில் போடும் ஆசை மாணவிக்கு வந்தது. ஒரு பக்கமும் வாசிக்காமல் போட்டால் நேர்காணலில் முதற் கேள்வியே அதுவாக இருக்கும் என்று சொல்லி விடச் செய்தார்கள்.

எழுதியதும் திருத்தியதும்

அனுப்பிய பதில் 381 சொற்கள். கொப்பிக்கு 70, பங்கு, வெள்ளம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் 90, பல்கலைக்கழகத்துக்கு 170, மிச்சம் அவர் அங்கே கொண்டுபோகக் கூடியதற்கும் செய்யப்போவதற்கும். முதல் வரைவில் பல்கலைக்கழகப் பகுதியிலும் சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு பாடத்தின் பெயர்கூட இருக்கவில்லை. தொடக்கம் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் அப்பாவின் கொப்பியில் இரண்டு வருடங்களுக்குக் குளத்தின் மட்டம் ஒன்றுதான். ஒரு வருடம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணீர் கிடைத்தது, மற்ற வருடம் முக்கால் ஏக்கருக்கு. ஏன் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது."

நடுவில் ஆசிரியை திருத்திய ஒரு வரைவு அளவுக்கு மீறி மெருகேறி, அனுபவம் வாய்ந்த பொறியியலாளர் எழுதியதுபோல் ஆகியது. அதைத் திரும்பக் கொண்டுவர எடுத்த வழி எளிது: மாணவி பதிலை உரத்து வாசித்தார், நின்று தடுமாறிய வசனங்களையெல்லாம் அவரே தன் சொல்லில் மாற்றினார், ஆசிரியை அதன்பின் வினைச்சொல், காலம், முற்றுப்புள்ளி தவிர வேறெதையும் தொடவில்லை. எழுத்தில் ஒருவரும் நேர்காணலில் இன்னொருவருமாகத் தெரிந்தால் அது பெறுபேற்றுக் குறைவை விடக் கேடு.

பணக்கஷ்டம் இந்தப் பதிலில் வரவில்லை. உதவித்தொகைக்குத் தனிப் பகுதி இருந்தது. கிராம அலுவலர் கொடுத்துப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்றிதழ் அங்கே போனது. இரண்டையும் கலந்தால், இலவசமாகப் படிக்கக் கிடைப்பதால் வருகிறார் என்றுதான் வாசிப்பவருக்குப் படும்.

இரண்டாவது விண்ணப்பம்

மற்றப் பல்கலைக்கழகத்தின் முடிவுத் திகதி நாலு நாள் கழித்து. அந்த நாட்களைச் சான்றிதழ்கள் விழுங்கிவிட்டன. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுதாகவும், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்தாகவும் இருந்தன. ஆங்கில எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் வேறு. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு 250 சொல் எல்லை. நேரமில்லாமல் முதற் பதிலை வெட்டி, பெயரை மாற்றி, ஒரு பாடத்தின் தலைப்பைச் செருகி அனுப்பினார்கள். வெட்டியபோது கொப்பி போய்விட்டது, நீர்முகாமைத்துவத்தில் ஆர்வம் என்ற வரி தங்கியது.

முடிவு

இரண்டாவது இடத்திலிருந்து நேர்காணல் இல்லாமலே மறுப்பு வந்தது. அதே ஆள், அதே பெறுபேறு. பதில் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உதவித்தொகை இடங்கள் அங்கே குறைவாகவும் இருந்திருக்கலாம்.

முதலாவது இடம் காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. வீட்டில் சிக்னல் நிலைக்காது என்பதால் ஆசிரியையின் வீட்டிலிருந்து பேசினார். கேள்விகளில் பெரும்பங்கு கொப்பி பற்றியவை. "பங்குக் கூட்டத்தில் பேசாமல் இருப்பவர்கள் யார்?" என்று கேட்டார்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் என்றார் மாணவி. பங்கு காணிக்காரரின் பெயரில் வரும், விதைக்கிறவர் பின்வரிசையில் இருப்பார். குளத்தில் ஒரு குறித்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார், நீரியல் பாடத்தைத் தேடி வருவதே அதற்குத்தான் என்றும் சொன்னார்.

இடம் கிடைத்தது. கற்கைக் கட்டணமும் விடுதியும் உதவித்தொகையில் அடங்கின. பயணச்செலவும் விடுமுறைக் காலச் சாப்பாடும் குடும்பத்தின் பொறுப்பு. தாயின் சங்கிலியை அடகுவைத்து அந்தத் தொகை சேர்ந்தது. மாணவி 2025 இல் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

பெயர்ப் பொருத்தமின்மை விண்ணப்பம் தொடங்கும் முன்பே தீர்க்கப்படவேண்டும். உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன்னுள்ள மாதங்கள் சும்மா கழிகின்றன; பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் அப்போதே ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவரலாம். கடவுச்சீட்டுக்கு வன்னிப் பிள்ளைகள் கொழும்பு போகத் தேவையில்லை, வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது.

இரண்டாவது பதிலைத் தொடங்கவேண்டியது நடுவில் கோடு போட்ட தாளிலிருந்து, முடிந்த முதற் பதிலிலிருந்து அல்ல. இடப்பக்கம் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றே. வலப்பக்கத்தை ஒவ்வொன்றுக்கும் புதிதாக நிரப்பவேண்டும். சொல் எல்லை சிறிதானால் வெட்டவேண்டியது மூன்று பாடங்களில் இரண்டை. கொப்பியில் கைவைக்கக்கூடாது.

விண்ணப்பத் தளத்தில் ஒட்டும்போது பந்தி இடைவெளி அழிந்து, மேற்கோள் குறிகள் வேறு எழுத்துகளாக மாறியிருந்தன. முதலில் வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டி, அங்கிருந்து தளத்துக்குக் கொண்டுபோய், அனுப்பும் முன் முன்னோட்டத்தைப் பார்க்கவேண்டும்.

பரிந்துரைக் கடிதம் எழுதிய விஞ்ஞான ஆசிரியருக்குக் கொப்பி பற்றி எதுவும் தெரியாது. அவர் கடிதத்தில் கீழ்ப்படிவு, நேரந்தவறாமை, வலைப்பந்து என்று இருந்தது. பரிந்துரைப்பவரிடம் பதிலின் பிரதியையும் அந்தத் தாளையும் கடிதத்துக்கு இரண்டு கிழமை முன்பே கொடுத்து, தான் நேரில் கண்டதை மட்டும் எழுதும்படி கேட்கவேண்டும்.